செவுத்துப் பெயிண்ட்: ஐவரியா, ஆஃப் ஒயிட்டா?

பெயிண்ட் கடை நெற அட்டையில, அதான் ஷேடு கார்டுல, ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதானுங்க இருக்கும். செவுத்துல ஏறுனாத்தான் குணம் தெரியும். ஐவரியில மஞ்சள் எட்டிப் பார்க்கும். சாம்பல் கலந்த ஆஃப் ஒயிட் பக்கத்துல இருக்கற நெறத்தையெல்லாம் வாங்கிக்கும். நாலு செவுரும் ஒண்ணுக்கொண்ணு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கறதால கார்டுல பார்த்ததைவிட அழுத்தமா வரும். ஐவரின்னா ஒரு படி வெளுத்ததையே எடுங்க.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள வீடுன்னா ஜன்னல்ல வர்றதே பச்சை வெளிச்சம். அங்க ஆஃப் ஒயிட் சீக்காளி மூஞ்சியாட்டம் ஆயிரும், ஐவரி தாங்கும். செவப்புச் சாயம் போட்ட சிமெண்ட் தரை, அதான் ரெட் ஆக்சைடு தரைன்னா கதை மாறுதுங்க. வெயில் தரையில பட்டு மேல ஏறும்போது ஐவரி பீச் கலராயிரும். அங்க ஆஃப் ஒயிட்தான்.

---

மேல அண்ணா சொல்றது சரி. ஆனா சாம்பிளை, செவுத்துல பூசற வெள்ளைப் பட்டி மேலயே அடிச்சுப் பார்க்காதீங்க. சுத்தியும் பளீர் வெள்ளை இருந்தா எந்த ஐவரியும் மஞ்சக்குளிச்ச மாதிரிதான் தெரியும். 2 அடிக்கு 2 அடி ப்ளைவுட்ல பிரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கற அடிப்பூச்சு) ஒரு கோட்டிங், எமல்ஷன் (தண்ணி கலந்து அடிக்கற செவுத்துப் பெயிண்ட்) ரெண்டு கோட்டிங், நடுவுல 4 மணி நேரம். ஓரத்துல வெள்ளை விடக்கூடாது. ஈரத்துல வெளுப்பா இருக்கும், அடுத்த நாள் பாருங்க. காலையில, சாயங்காலம் 4 மணிக்கு, ராத்திரி லைட்டுல, மூணு நேரமும் ஜன்னலுக்கு எதிர்ச் செவுத்துலயும் ஜன்னல் பக்கச் செவுத்துலயும் சாத்தி வெச்சுப் பார்க்கணும்.

---

பல்பை மறந்துட்டீங்களே! 3000 கே (கெல்வின், வெளிச்சத்தோட நெற அளவு) வார்ம் எல்இடி, அதான் மஞ்சள் வெளிச்ச பல்பு போட்டா ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் தெரியாது. 6500 கே வெள்ளை வெளிச்சத்துல ஐவரி மங்கி அழுக்காத் தெரியும்.

---

10க்கு 12 ரூம், 10 அடி உயரம்னா செவுரு 440 சதுர அடி. கதவு, ஜன்னல் போக 390 வெச்சுக்கோங்க. ரெண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 120 சதுர அடின்னா 4 லிட்டர் டப்பா ஒண்ணு போதும். பெரிய ரூமுக்கு ரெண்டு டப்பா வாங்குனா கடை மெஷின்ல கலக்கற நெறம் துளி மாறும்; ஒரே பக்கெட்டுல ஊத்திக் கலக்கிட்டு ஆரம்பிங்க. பழைய நீலச் செவுத்து மேல பிரைமர் இல்லாம ஐவரி அடிச்சா பச்சை அடிக்கும். மிச்சத்தை மூடி இறுக்கி, ஷேடு நம்பர் எழுதி வைங்க. டச்சப்புக்கு அதே ரோலர்தான், பிரஷ்ல தொட்டா திட்டுத் திட்டாத் தெரியுமுங்க.