10 மீட்டர் ஏர் ரைஃபிள்: 30 ஷாட்டுக்கு மேல் குரூப் 4 மணிப் பக்கம் ஒதுங்குது, ஏன்?

குறிவட்டம்:
வலது கை, நின்ற நிலை, பிசிபி ரைஃபிள் (சிலிண்டர்ல அடைச்ச அழுத்தக் காத்தால சுடறது). 60 ஷாட்ல முதல் 30 சராசரி 10.3 வருது. அப்புறம் குரூப் (ஷாட்கள் விழற கூட்டம்) விரியல, ஆனா மொத்தமா 4 மணிப் பக்கம் (கடிகார முகப்புல பார்த்தா வலது-கீழ்) நகர்ந்து 9.6, 9.7 ஆகுது. சைட்டை (குறி பார்க்கற கருவி) இடது பக்கம் ரெண்டு க்ளிக் (திருகோட சின்னப் படி) திருப்பினா சரியாகுது, பத்து ஷாட் கழிச்சு எதிர்ப்பக்கம் போயிடுது. சிலிண்டர்ல காத்து குறையறதாலயா? தலை விட்டம் 4.50 மி.மீ. உள்ள பெல்லட்டை (ஈயக் குண்டு) மாத்திப் பார்க்கணுமா?

சமன்கோடு:
காற்றழுத்தம் காரணமா இருக்க வாய்ப்பே இல்லைனு சொல்லலாம். கணக்கு போட்டுப் பாருங்க. பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் வேகத்துல போனா, 10 மீட்டர்ல புவியீர்ப்பால சுமார் 17 மி.மீ. இறங்கும். வேகம் 5 மீட்டர் குறைஞ்சா அந்த இறக்கம் இன்னும் 1 மி.மீ. கூடும், அவ்வளவுதான். அதுவும் நேரா 6 மணிக்குத்தான் இறங்கும், வலது பக்கம் போகாது.

பெல்லட்டை ஒரு தடவை சோதிச்சு முடிச்சிடுங்க. ரைஃபிளை ரெஸ்ட்ல (தாங்கி) கெட்டியா வெச்சு ஒவ்வொரு வகையிலும் 10 ஷாட். குரூப்போட வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து 4.5 மி.மீ. (பெல்லட்டோட விட்டம்) கழிச்சா, மையத்துக்கு மையம் உள்ள தூரம் கிடைக்கும். 10.0 வாங்க பெல்லட்டோட மையம் நடுப்புள்ளியிலிருந்து 2.5 மி.மீ.க்குள்ள இருக்கணும், ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 போகும். வெளி அளவு 7 மி.மீ. வந்தா மையத்துக்கு மையம் 2.5, அதாவது துப்பாக்கி மட்டும் தர்ற மோசமான ஷாட் கூட ஏறக்குறைய 10.5. அது போதும். 9.5 மி.மீ. வந்தா மட்டும் 4.49 தலையையோ வேற தயாரிப்புத் தொகுதி (லாட்) பெல்லட்டையோ தேடுங்க. பாவாடை (பின்பக்க விளிம்பு) நசுங்கின பெல்லட்டை எடுத்து ஓரமா வெச்சிடுங்க, சோதனையில அது கலந்தா அளவே பொய்.

முதல்அழுத்தம்:
4 மணிக்கு ரெண்டு சந்தேகம்: ட்ரிகரை வெட்டி இழுக்கறது, இல்லைனா உடம்பு இயல்பா வேற பக்கம் குறி வைக்கறது. ரெண்டையும் பிரிக்க ட்ரை ஃபயர் (பெல்லட் இல்லாம ட்ரிகர் இழுக்கறது) பண்ணுங்க. க்ளிக் சத்தம் வர்ற நொடியில முன்சைட் வளையம் துள்ளுதா? துள்ளினா விரல்தான் குற்றவாளி. துள்ளாம அப்படியே நின்னா, குறி வெச்சு கண்ணை மூடி, ரெண்டு மூச்சு விட்டு, திறந்து வளையம் நடுவுலயே நிக்குதானு பாருங்க. இதைப் புத்துணர்ச்சியா இருக்கும்போது செஞ்சா ஒண்ணும் தெரியாது, 35-வது ஷாட்டுக்கு அப்புறம் செய்யுங்க.

அதுவரைக்கும் க்ளிக்கைத் தொடாதீங்க. நகர்ற பொருள் நீங்க. சைட்டைத் திருப்பினா பிழையைத் துரத்திக்கிட்டே இருப்பீங்க.

குறிவட்டம்:
ட்ரை ஃபயர்ல வளையம் அசையல. 38-வது ஷாட்டுக்கு அப்புறம் கண்ணை மூடித் திறந்தா, குறிப்பலகையோட கருப்பு வட்டத்துக்கு வலது விளிம்புல நிக்குது. முதல் 20-ல நடுவுல நின்னுச்சு.

முதல்அழுத்தம்:
அப்போ விடை கிடைச்சாச்சு. ரைஃபிளைத் தசையால இடது பக்கம் இழுத்துப் பிடிக்கறீங்க. ட்ரிகர் விடுபட்டு பெல்லட் பேரலை விட்டு வெளியேறறதுக்குள்ள சில மில்லி செகண்ட் இருக்கு. அந்த இடைவெளியில தசை தளர்ந்து வலது பக்கம் திரும்பிடுது. பெல்லட் போடும்போது காலையும் சேர்த்துத் திருப்பறீங்களானு பாருங்க, பெரும்பாலும் அங்கதான் தொடங்கும். ரைஃபிள் ஸ்டாண்டை இடது கைப்பக்கம், காலை அசைக்காம ரைஃபிளை இறக்கி வைக்கக்கூடிய உயரத்துல வையுங்க.

வலது பக்கம் ஓடினா இடது காலை அப்படியே வெச்சு, வலது காலை விரல் நுனிப் பக்கமா ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவா முன்னால நகர்த்துங்க. குறி இடது பக்கம் வரும். தோளைத் திருப்பாதீங்க. மறுபடி கண் மூடிச் சோதனை. தரையில பாதத்தோட ஓரத்துல டேப் ஒட்டி வெச்சா எவ்வளவு நகர்ந்ததுனு கண்ணால தெரியும்.

சமன்கோடு:
ஒண்ணு சேர்த்துக்கோங்க: களைப்பு வந்தா ரைஃபிள் சாயும் கோணமும் மாறும். 17 மி.மீ. இறக்கத்துக்கு 3 டிகிரி வலது சாய்வு கூடினா சுமார் 0.9 மி.மீ. வலது பக்கம் விலகும், கிட்டத்தட்ட 0.4 புள்ளி. சாய்ச்சுப் பிடிக்கறது தப்பில்ல, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு சாயணும். கன்னத்தாங்கியில கன்னம் ஒரே இடத்துல உட்காரலைனா முதல்ல அதைச் சரி பண்ணுங்க, டயாப்டர் (பின்சைட்) ஓட்டை நடுவுல முன்சைட் வருதானு பார்த்தா தெரிஞ்சிடும்.

குறி வெச்சு 8 செகண்ட் தாண்டினா ஷாட்டை விட்டுட்டு இறக்குங்க. 75 நிமிஷத்துல 60 ஷாட்னா ஒண்ணுக்கு 75 செகண்ட் இருக்கு, அவசரமே இல்ல.