டிங்கி 651 செஞ்சூரியன் டாங்கி: எந்தக் காலத்தது, எப்படி வைக்கணும்?

காசிமேடு_கலெக்டர்:
வண்ணாரப்பேட்டை பழைய சாமான் கடையில ஒரு டிங்கி (பழைய பிரிட்டிஷ் உலோகப் பொம்மை பிராண்ட்) செஞ்சூரியன் டாங்கி பொம்மை கிடைச்சிருக்கு, நம்பர் 651. ரப்பர் டிராக் (சக்கரங்களைச் சுத்தி ஓடுற பட்டை) விறைச்சுப்போச்சு. எந்த வருஷத்தது? நம்ம கடல் காத்துல உலோகம் தாங்குமா?

தகரடப்பா:
651 முதல்ல வந்தது 1954ல, லிவர்பூல் பின்ஸ் ரோட்டுல இருந்த, டிங்கியைத் தயாரிச்ச மெக்கானோ கம்பெனி தொழிற்சாலையிலிருந்து. டிராக் ஓடுற உருளைங்களைப் பாருங்க சார்: உலோகம்னா முந்தினது, பிளாஸ்டிக்னா பிந்தினது. விறைச்ச டிராக்கை இழுக்காதீங்க, உடைஞ்சிடும். மாத்து டிராக் தனியா கிடைக்கும். புது பெயிண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம், மதிப்பே போயிடும்.

பெரம்பூர்_மாடல்ஸ்:
டிங்கி உடம்பு துத்தநாகக் கலவை, இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. 1930கள் மாடலுக்குத்தான் பயப்படணும். கலவையில ஈயம் துளி கூடினாலும் உள்ளுக்குள்ள அரிப்பு ஓடி, உடம்பு வீங்கி, வெடிச்சு, கடைசியில பொடியாயிடும். ஈரமும் வெக்கையும் அதை வேகப்படுத்தும். வந்துட்டா மருந்தே கிடையாது. 651ல அது அபூர்வம். இருந்தாலும் மயிரிழை விரிசல், பெயிண்ட் கொப்புளம் இருக்கான்னு லென்ஸ் வெச்சுப் பாருங்க. காத்துப் புகாத டப்பாவுல ஈரத்தை இழுக்கிற நீல சிலிக்கா ஜெல் போடுங்க, இளஞ்சிவப்பானா மாத்துங்க.

காசிமேடு_கலெக்டர்:
உருளை உலோகம்தான்! அங்கேயே ஒரு சோலிடோ டாங்கியும் இருக்கு, வாங்கலாமா?

தகரடப்பா:
டிராக் முழுசா இருந்தா தாராளமா வாங்குங்க. சோலிடோ பிரெஞ்சு கம்பெனி, ராணுவ வரிசை 1961ல ஆரம்பிச்சது. அளவு 1:50 (நிஜ டாங்கியில ஐம்பதுல ஒரு பங்கு), டிங்கியை விடப் பெருசு. டிராக் உலோகக் கண்ணிகளைக் கோத்தது, அதுல ஒண்ணு ரெண்டு காணாமப்போயிருக்கும், எண்ணிப் பார்த்துட்டு விலை பேசுங்க.