மட்டை மில் நார்க்கழிவை அப்படியே தக்காளிக்குப் போடலாமா?

தோப்புக்காரன்:
வணக்கம். பொள்ளாச்சி பக்கம் இருக்கிறேன். பக்கத்து மட்டை மில்லில், தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரித்தபின் உதிர்கிற தூளான நார்க்கழிவு மலையாகக் கிடக்கிறது, வண்டி வாடகை மட்டும் கொடுத்துவிட்டு எத்தனை லோடு வேண்டுமானாலும் அள்ளிக்கொள் என்கிறார்கள். நமக்குச் செம்மண் காடு, தண்ணீர் பாய்ச்சினால் மறுநாளே காய்ந்துவிடும். இதைக் கொட்டி உழுதுவிட்டுத் தக்காளி நாற்று நடலாமா, இல்லை மக்க வைத்தே ஆகணுமா? பக்கத்துத் தோட்டத்தில் தென்னைக்குப் பச்சையாகத்தான் போட்டிருக்கிறார்கள், மரம் ஜம்மென்று இருக்கிறது. அதான் குழப்பம்.

உடுமலை உழவன்:
தக்காளிக்கு வேண்டாங்க. பச்சை நார்க்கழிவில் கரிச்சத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் 112:1 பக்கம் வரும். அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும், கழிவில் கிடைக்காததால் மண்ணில் இருப்பதை இழுத்துக்கொள்ளும், நாற்று வெளுத்துப்போய் நிற்கும். போதாததற்கு லிக்னின் என்கிற, லேசில் மக்காத மரப்பொருள் 30 சதவீதம் பக்கம், நுண்ணுயிர்களைத் தடுக்கிற டானின் என்கிற துவர்ப்புப் பொருள் வேறு. மில் வாசலில் வருடக்கணக்காக மக்காமல் கிடப்பதே அதனால்தான்.

காளான் குடில்:
மக்க வைப்பது பெரிய வேலை இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற முறையில் டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து (காளான் வளர்க்கப் போடும் விதை). லிக்னினை உடைப்பது இந்தக் காளான்தான். மர நிழலில் 100 கிலோ கழிவைப் பரப்பி ஒரு புட்டி வித்தைத் தூவுங்கள், அதன் மேல் இன்னொரு 100 கிலோ, அதற்கு ஒரு கிலோ யூரியா, இப்படியே மாற்றி மாற்றி ஒரு மீட்டர் உயரம் வரை. ஈரம்தான் முக்கியம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் கசியணும், ஒழுகக்கூடாது. ஒழுகினால் காற்று போகாமல் காளான் செத்துவிடும். 60 நாளில் செம்பழுப்பு போய்க் கறுத்துவிடும், விகிதமும் 24:1க்கு இறங்கும்.

வட்டப்பாத்தி:
பக்கத்துத் தோட்டத்துக்காரர் செய்ததும் சரிதான். தென்னை வட்டப்பாத்தியில் 7.5 செ.மீ. கனத்துக்கு மூடாக்காக மேலாகப் பரப்பினால் ஈரம் காயாது. மண்ணோடு கலக்காத வரை தழைச்சத்துச் சண்டை அவ்வளவாக வராது. உழுது புதைப்பது வேறு கதை. அப்புறம், மட்டையை எந்தத் தண்ணீரில் ஊற வைத்தார்கள் என்று மில்லில் கேளுங்கள். உப்புத் தண்ணீராக இருந்தால் தென்னை தாங்கும், காய்கறி தாங்காது. சந்தேகமாக இருந்தால் ஒரு பை எடுத்துப்போய் மண் பரிசோதனை நிலையத்தில் உப்பு பார்த்துவிடுங்கள்.

தோப்புக்காரன்:
நன்றிங்க, தெளிவாகிவிட்டது. போர்த் தண்ணீர்தான் என்கிறார்கள், எதற்கும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுகிறேன். யூரியா இல்லாமல் முடியுமா? இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருக்கிறேன்.

காளான் குடில்:
முடியும். தழைச்சத்து எங்கிருந்தாவது வரணும், அவ்வளவுதான். கோழி எரு போடுங்கள், நம் பக்கம் கோழிப்பண்ணைக்கா பஞ்சம்? என்ன, முதல் சில வாரம் நாற்றம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதனால் குவியலை வீட்டுக்குக் காற்று வராத பக்கமாகப் போடுங்கள்.