சேர்ந்து கட்டிய மாடல் ரயில் லேஅவுட்: இணைக்கும் நாளில் என்ன மக்கர் செய்தது?

என்_கேஜ்
டி-டிராக் மாட்யூல் (ஆளுக்கொன்றாகக் கட்டி மேசைமேல் சேர்க்கும் தண்டவாளப் பலகை) எல்லாம் மேசை ஏறி, தண்டவாளங்களை இணைக்கும் யூனிஜாய்னர் பூட்டியாச்சு. பவர் பேக்கைத் திருப்பினால் முன் பாதை ஓடுகிறது, பின் பாதை ஷார்ட். ஒரே ஒரு டபுள் மாட்யூலில் பின் பாதையின் ஒயர் மாறியிருந்தது. நாலு தண்டவாளத்தின் ஒயர் நிறமும் முன்விளிம்பிலிருந்து நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம் என்று வர வேண்டும். அதில் நீலம், வெள்ளை, நீலம், வெள்ளை. வீட்டில் தனியாக ஓட்டிப் பார்த்தவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. ரயில் எதிர்த்திசையில் போயிருக்கும், அவ்வளவுதான். பக்கத்து மாட்யூலோடு சேர்ந்து, இரண்டுக்கும் ஒரே பஸ் ஒயரிலிருந்து (எல்லா மாட்யூலுக்கும் பொதுவான முதன்மை ஒயர்) மின்சாரம் போகும்போதுதான் வினை.

பவர் பேக்கைக் கழற்றுங்கள். எஞ்சினையும் விளக்கு வைத்த பெட்டிகளையும் இறக்குங்கள், இல்லாவிட்டால் மல்டிமீட்டர் அவற்றின் மின்தடையையும் சேர்த்துக் காட்டும். ஃபீடர் (பஸ்ஸிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் ஒயர்) பிளக் அத்தனையும் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரைப் பீப் நிலையில் அந்தப் பாதையின் இரு தண்டவாளத்திலும் வைத்தபடி ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது பீப் வருகிறதோ அதுதான்.

ஐசிஎஃப்_ரேக்
இது எச்ஓ, அதாவது 1:87 அளவு மாடல். ஐசிஎஃப் ரேக்கில் (பெட்டித் தொடரில்) நாலாவது பெட்டி ஒவ்வொரு சுற்றிலும் அதே மாட்யூல் இணைப்பில் தடம் விட்டு இறங்கியது. எடை போதவில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெட்டி 165 கிராம் இருந்தது, அந்த நீளத்துக்குச் சரியான எடை. சக்கர இடைவெளியும் சரி.

ஒரு மாட்யூல் இடது வளைவாக முடிகிறது, அடுத்தது வலது வளைவாகத் தொடங்குகிறது. நடுவில் நேர்த் தண்டவாளமே இல்லை. பெட்டிகளின் முனைகள் எதிரெதிர்ப் பக்கம் ஒதுங்க, கப்ளிங் சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறது. 21.3 மீட்டர் ஐசிஎஃப் பெட்டி 1:87-இல் 245 மி.மீ. எதிர் வளைவுகளுக்கு நடுவே குறைந்தது அந்த நீளத்துக்கு நேர்ப்பாதை வேண்டும். யார் கட்டினாலும் மாட்யூலின் இரு முனையிலும் 125 மி.மீ நேராக, விளிம்புக்குச் செங்குத்தாக விட்டால் சேரும்போது 250 கிடைக்கும். அதைவிட நீளமான எல்எச்பி பெட்டி ஓட்டுவதானால் முனைக்கு 150. இதை மரம் அறுப்பதற்கு முன் பேசியிருக்க வேண்டும்.

பூஸ்டர்
என்_கேஜ் சார், நீங்கள் சொல்லும் வரிசை டிசி-க்கு (பவர் பேக்கின் மின்னழுத்தத்தை மாற்றி ஓட்டும் முறை). டிசிசி-யில் (எஞ்சினுக்கு எஞ்சின் தனி முகவரி எண் கொடுத்து ஓட்டும் டிஜிட்டல் முறை) இரண்டு பாதைக்கும் நடுவே கிராஸ்ஓவர் (பாதை மாறும் தண்டவாளம்) போட்டால் அதே வரிசை ஷார்ட் அடிக்கும். எஞ்சின் தாண்டும் இடத்தில் இரு பாதைகளின் துருவமும் எதிரெதிர். நீலம், வெள்ளை, நீலம், வெள்ளைதான் வேண்டும். அந்த மாட்யூலைக் கட்டியவரைக் குறை சொல்லாதீர்கள்.

எங்கள் பக்கம் நடந்தது வேறு. எல்லாரும் புது எஞ்சின் கொண்டுவந்தார்கள், எல்லாமே புதிதாக வரும்போது இருக்கும் முகவரி 3. ஒருவர் த்ராட்டிலைத் திறந்ததும் சைடிங்கில் நின்றதும் சேர்ந்து கிளம்பி, மேசை விளிம்பு தாண்டித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை முகவரியாக வையுங்கள். அது சிவி17, சிவி18-இல் (எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடரின் அமைப்பு இடங்கள்) பதிவாகும். நாலிலக்க முகவரியைச் சிவி29-இல் இயக்காவிட்டால் எஞ்சின் பழைய 3-க்கே பதில் சொல்லும். புரோகிராமிங் டிராக்கில் (முகவரியைப் பதியும் தனித் தண்டவாளம்) ஒரு எஞ்சின் மட்டும் நிற்கட்டும், இரண்டு நின்றால் இரண்டும் மாறிவிடும். எச்ஓ-வுக்குப் பஸ் 2.5 சதுர மி.மீ, ஃபீடர் 0.5 போதும், மீட்டருக்கு ஒன்று. ரயில் ஏற்றுமுன் காசுச் சோதனை செய்யுங்கள்: தண்டவாளங்களுக்குக் குறுக்கே ஒரு நாணயம், ஒவ்வொரு மாட்யூலிலும். பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் ஒயர் மெலிசு, அல்லது சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை. அங்கே உண்மையான ஷார்ட் வந்தால் பிளாஸ்டிக் உருகும்.

என்_கேஜ்
கிராஸ்ஓவர் விஷயம் சரி. அதற்காக மாட்யூல்களை மாற்ற வேண்டாம். பின் பாதை முழுவதும் ஒரே சர்க்யூட். அதன் இரண்டு ஒயரையும் பூஸ்டர் முனையில் ஒரே இடத்தில் மாற்றினால் சுற்று முழுவதும் மாறிவிடும். மாட்யூல் எல்லாம் நீலம், வெள்ளை, வெள்ளை, நீலமாகவே இருக்கட்டும். ஒன்று மட்டும் வேறாக வந்தால் டிசி ஆனாலும் டிசிசி ஆனாலும் ஷார்ட்தான்.

பிளைவுட்
யாரும் மரத்தைப் பற்றிப் பேசவில்லையே. டி-டிராக் சிங்கிள் மாட்யூலின் தண்டவாளம் 248-உம் 62-உம் சேர்ந்து 310 மி.மீ. தச்சர் பலகையையும் 310-க்கே அறுத்துக் கொடுத்தார். மழைக்காலத்தில் பிளைவுட் ஊதி, பலகையும் பலகையும் முட்டி, ஜாய்னர் பூட்டவே இல்லை. பலகை 308-தான் இருக்க வேண்டும், முனைக்கு 1 மி.மீ தண்டவாளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வார்னிஷ் மேல்பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும். அடிப்பக்கமும் அறுத்த விளிம்புகளும் சேர்த்து அடியுங்கள்.

மூலைக்கு ஒரு எம்6 போல்ட் கால், மாட்யூலின் உயரம் 70 முதல் 100 மி.மீ வரை ஏறி இறங்கும்படி. வாடகை மேசைகள் ஒரே உயரத்தில் இருக்காது. எந்த மேசை உயரமோ அங்கே மாட்யூலை முழுக்க இறக்கி, ரசமட்டம் வைத்துத் தொடங்கி, மற்றதை அதற்கு ஏற்றுங்கள். ஜாய்னர் பூட்டிய பிறகு ஒரு மாட்யூலை மட்டும் தூக்கினால் ஜாய்னர் வளைந்துவிடும். அப்புறம் ரயில் அங்கே மட்டும் விட்டுவிட்டு ஓடும், ஒயரைச் சந்தேகப்பட்டு நாள் முழுக்கத் தேடுவீர்கள்.