பொம்மை வீடா, சிற்றிலா: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கோடை விடுமுறையில் பெற்றோருடன் சேர்ந்து, பொம்மைகளை வைத்து விளையாடுவதற்கான மரவீடு ஒன்றை வீட்டிலேயே செய்யப் போகிறார்கள். அதற்கான கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. 24 அங்குல அகலம், 12 அங்குல ஆழம், தளத்துக்கு 10 அங்குல உயரமாக இரண்டு தளங்கள், பின்புறம் திறந்தபடி இருக்கும். வரைபடத்தில் குழப்பம் ஒன்றுமில்லை, சொற்களில்தான் நிற்கிறேன். மேல்தளப் பலகை செருகி நிற்பதற்காகப் பக்கச்சுவரில் வெட்டும் நீண்ட பள்ளத்துக்கு என்ன பெயர்? உண்மை வீட்டின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு, அதாவது 1:12, என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எந்தச் சொல்லால் சொல்வது? எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டையில் என்ன பெயர் போடுவது? இதுவரை 'பொம்மை வீடு' என்றே எழுதியிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருக்குமோ என்ற ஐயம் விடவில்லை. திங்கட்கிழமை காலை கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும்.

ராயபுரத்திலிருந்து புலவர்:

அம்மா, பெட்டிக்குள் பொன்னை வைத்துக்கொண்டு கடன் கேட்கலாமா? சிறுமியர் கட்டி விளையாடும் சிறு வீட்டுக்குச் 'சிற்றில்' என்ற சொல் ஈராயிரம் ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. 'தெருவில் நாம் ஆடும் மணற்சிற்றில்' என்று கலித்தொகைத் தலைவி தோழியிடம் சொல்கிறாள். 'சிற்றில் சிதையேல்' என்று ஆண்டாள் கண்ணனிடம் மன்றாடுகிறாள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களில் ஒன்றுக்குச் சிற்றில் என்றே பெயர். சிறுமை + இல் என்பதில் ஈறு போய், தன்னொற்று இரட்டிச் சிற்றில் ஆனது என்பதை நன்னூல் படித்த எவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

'பொம்மை வீடு' என்பதிலோ இரு சொல்லும் இடறுகின்றன. பொம்மை தெலுங்கின் 'பொம்ம'வோடு தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கும் சொல். வீடு என்பதோ அறம் பொருள் இன்பத்துக்குப் பின் வருவது. மரப்பாச்சிக்கு முத்தி கொடுக்கும் நூல் என்று யாரேனும் கருதிவிடப் போகிறார்கள். போகட்டும், இரு சொல்லும் சேர்ந்த தொகையையாவது விரித்துப் பொருள் சொல்ல முடிகிறதா? பொம்மைக்கு உரிய வீடா, பொம்மையாகிய வீடா? 'பொம்மைத் துப்பாக்கி' என்றால் துப்பாக்கியே பொம்மை, பொம்மை சுடுவதற்கான துப்பாக்கி அன்று. அந்த வழக்கின்படி பொம்மை வீடு என்பது மனிதரோ பொம்மையோ குடிபுகாத போலி வீடாகிவிடுகிறது.

பெரம்பூரிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

புலவர் ஐயா காட்டிய மூன்று சான்றுகளையும் வணங்கி ஏற்கிறேன். ஆனால் மூன்றிலும் அந்த வீட்டுக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். கலித்தொகையில் காலால் சிதைக்கிறான், ஆண்டாள் சிதைக்காதே என்கிறாள், பிள்ளைத்தமிழில் ஒரு பருவம் முழுவதும் அந்த வேண்டுகோள்தான். மணலில் கட்டுவதும், பையன் வந்து மிதிப்பதும், பெண்கள் அழுவதும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே சிற்றில். பிள்ளைகள் ஒரு மாதம் உப்புத்தாள் தேய்த்து, பசை பூசி, வண்ணம் அடித்துத் தம்பி தங்கைக்கும் விட்டுச் செல்லப்போகும் மரவீட்டுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்றையும் தயக்கத்தோடு சொல்கிறேன். சிற்றில் என்றால் என்ன என்று பிள்ளை அகராதியைப் பார்க்காது, அம்மாவைத்தான் கேட்கும். 'சின்ன வீடு' என்று அம்மா விளக்கம் சொல்வார். அதன்பின் அந்த வீட்டில் எழும் சிரிப்புக்கோ சண்டைக்கோ கையேடு பொறுப்பேற்க முடியாது.

பொம்மை தெலுங்கோடு உறவுள்ள சொல் என்பதற்காக அதைத் தள்ளிவைப்பதும் நம் பகுதிக்கு அழகன்று. தெருவுக்கு நாலு வீட்டில் தெலுங்கு கேட்கும் வடசென்னையில் இருந்துகொண்டு, அதுவும் ஒரு விளையாட்டுச் சாமானுக்காக, எல்லை வகுக்க வேண்டாம். என் பரிந்துரை 'கொலு வீடு'. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் செல்வச் சீமாட்டிகள் பேழைக்குள் அமைத்த இவ்வகை வீடுகள் குழந்தைகள் தொட்டு விளையாடுவதற்காக இருந்தவை அல்ல, விருந்தினர் பார்த்து வியப்பதற்காக இருந்தவை. நம் நவராத்திரிப் படியின் வேலையும் அதுதான்.

ராயபுரத்திலிருந்து புலவர்:

பார்த்து வியக்க மட்டுமே என்று நீங்களே சொல்லிவிட்டு, விளையாடப்போகும் பிள்ளையிடம் அந்தப் பெயரைக் கொடுக்கிறீர்களே தம்பி! போதாக்குறைக்குக் கொலு என்பதும் தெலுங்கின் 'கொலுவு'. சிற்றில் மணலால் ஆனது மட்டும்தான் என்பதும் சரியன்று. 'சிற்றில் நற்றூண் பற்றி' என்று புறநானூற்று 86ஆம் பாட்டு தொடங்குகிறது. தூண் உள்ள வீடு, பெரியவர்கள் வாழும் வீடு, அதுவும் சிற்றில்தான். மணலைக் குறிக்க வேண்டியபோது 'மணற்சிற்றில்' என்று கலித்தொகை அடை சேர்த்தது. அதே முறையில் நாம் 'மரச்சிற்றில்' என்போம். சின்ன வீட்டுக் கவலைக்கும் அந்த அடையே மருந்து.

1:12 பற்றி: நம் முன்னோர் பின்னங்களுக்கு வைத்த பெயர்கள் உலகுக்கே வியப்பு. அரைக்கால் எட்டில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று. பன்னிரண்டில் ஒன்றுக்கு மட்டும் தனிப்பெயர் இல்லை. ஆகவே வீட்டையே 1:16 ஆக்கி 'வீசவீடு' என்று பெயரிடுவதைப் பற்றியும் எண்ணிப் பார்க்கலாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து பொறியாளர்:

ஐயா, சொல்லுக்காக வீட்டை இடித்துக் கட்ட வேண்டாம். 1:12 காரணமில்லாமல் வந்ததன்று. புதுதில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த லுட்யென்ஸ், 1921 முதல் 1924 வரை அரசி மேரிக்காக உருவாக்கிய பொம்மை மாளிகை இன்றும் வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும் அந்த மாளிகையும் 1:12 தான். ஓரடிக்கு ஓர் அங்குலம் என்பதால் கணக்கு வாயிலேயே நடக்கும். நம் ஊரில் அதற்கு இன்னொரு வசதியும் உண்டு. 9 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையைப் பன்னிரண்டால் பெருக்கினால் 108 மில்லிமீட்டர், அதாவது கொத்தனார் சொல்லும் நாலரை இஞ்ச் சுவருக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. 18 மில்லிமீட்டர் பலகை எடுத்தால் 216, ஒன்பது இஞ்ச் சுவருக்குச் சற்றே குறைவு. எனவே வெளிச்சுவருக்கும் உள்தடுப்புக்கும் பலகை எடுப்பதற்குப் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சுவரையே அளந்து பார்க்கலாம்.

சொல்லைப் பொறுத்தவரை 'அளவுகோல் 1:12' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு அளவுகோல் என்றால் பைக்குள் கிடக்கும் ஸ்கேல். 'அளவு விகிதம்' என்று எழுதலாம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து தச்சர்:

என் மகள் இந்தக் குழுவில் இருக்கிறாள், நான் சொல்லச் சொல்ல அவளே தட்டச்சு செய்கிறாள். பலகை செருகும் பள்ளத்துக்கு நாங்கள் 'காடி' என்போம். காடி எடுப்பது என்றால் பட்டறையில் சின்னப் பையனுக்கும் தெரியும். புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். 9 மில்லிமீட்டர் பலகையில் காடியின் ஆழம் 3 மில்லிமீட்டர் போதும், மேலே போனால் சுவர் வலுவிழக்கும். அகலத்தை 9 என்று அச்சில் போடாதீர்கள் அம்மா. கடையில் 9 என்று வாங்கும் பலகை பல சமயம் அதற்குக் குறைவாகவே இருக்கும். செருகப்போகும் பலகையிலிருந்தே ஒரு துண்டை நிறுத்தி வைத்து, அதன் இருபுறமும் கோடு கிழித்துக் கோட்டுக்கு உள்பக்கமாக வெட்டச் சொல்லுங்கள். கையால் தட்டினால் போய் உட்கார வேண்டும், கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) கேட்டால் இறுக்கம், தானாக விழுந்தால் வீண்.

விகிதத்தை நாங்கள் 'அடிக்கு அங்குலம்' என்போம். அட்டைப் பெயரில் எனக்குக் கருத்து இல்லை. என் பேத்தி 'பொம்மை வூடு' என்கிறாள்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆசிரியை:

ஆசாரி ஐயாவுக்கு மிக்க நன்றி. 'காடி'யும் 'அடிக்கு அங்குல'மும் அப்படியே ஏறிவிட்டன. (சமையற்கட்டில் இருக்கும் காடியை, அதாவது வினிகரை, நினைத்து ஒரு பெற்றோர் குழம்பினார், படத்தைக் காட்டியதும் சரியாயிற்று.) அடிக்கு அங்குலம் என்பதை விளக்க வேண்டிய தேவையே எழவில்லை. பள்ளிக்கூட ஸ்கேலில் பன்னிரண்டு அங்குலமும் வரிசையாக இருப்பதால், ஸ்கேல் முழுவதும் ஒரு பன்னிரண்டடி அறை என்று பிள்ளைகளே கண்டுகொண்டார்கள்.

பெயர் குறித்து, சனிக்கிழமை கைவினை வகுப்புக்கு வந்த 14 பிள்ளைகளிடம் ஒரே பத்தியை இரண்டு விதமாக அச்சிட்டுக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். 'மரச்சிற்றில்' என்பதைப் பலரும் விருப்பத்தோடு உச்சரித்தார்கள், ஒரு சிறுமிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் 'மரச்சிற்றிலில் கட்டிலை வை' என்ற வரியில் ஒன்பது பேர் நின்றார்கள். இரண்டு 'இல்' அச்சுப்பிழை என்று எண்ணி, மூன்று பேர் பென்சிலால் ஒன்றை அடித்தே விட்டார்கள். கையேட்டில் வீட்டுக்குள் எதையாவது வைக்கச் சொல்லாத பக்கமே இல்லை.

பெரம்பூரிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

கொலு வீட்டை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பொம்மை வீடே இருக்கட்டும். எண்ணிப் பார்த்ததில் நம் குழுவில் அதற்கு ஆறு பேர், மரச்சிற்றிலுக்கு மூன்று பேர். மற்றவர்கள் மடலைத் திறந்ததாகவே தெரியவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆசிரியை:

கோப்பை இன்று காலை அனுப்பிவிட்டேன். அட்டையில் 'பொம்மை வீடு செய்வோம்' என்று இருக்கிறது. புலவர் ஐயாவின் மனம் நோகக்கூடாது என்பதற்காகவும், அந்தச் சிறுமிக்காகவும், முதல் பக்கத்தில் சிற்றில் பற்றி ஐந்து வரிகள் சேர்த்திருக்கிறேன். அந்த ஐந்து வரியிலும் 'சிற்றிலில்' என்று எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

ராயபுரத்திலிருந்து புலவர்:

அச்சுக்குப் போன பிறகு எழுதிப் பயனில்லை என்று தெரியும். இருந்தாலும் பதிவுக்காக எழுதுகிறேன். இரண்டு 'இல்' சேர்ந்தால் பிள்ளைகள் தடுமாறும் என்ற காரணம் செல்லாது. 'வெயிலில் ஆடாதே' என்று நாம் நாள்தோறும் கத்துகிறோம். அதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் ஓர் இல்லை அடித்ததில்லை. மறு அச்சு வரும்போது இந்த மடலை எடுத்துப் பாருங்கள் அம்மா.