படித்தளர்வா, பாவு விடுவதா?

ஈரோட்டிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, வணக்கம். செவிலியர் படிப்புக்கான பாடநூலில் ஓர் இயலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. பெருந்தொற்றின்போது தடுப்பூசி போட்டவர்கள் கூடக் கூடக் கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக விலக்கினார்களே, அந்த முறைக்கு என்ன பெயர்? ஆஸ்திரேலியாதான் பாடத்தில் எடுத்துக்காட்டு. அங்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் 70 விழுக்காட்டினர் இரண்டு தவணையும் போட்ட பிறகு, 2021 அக்டோபர் 11 அன்று சிட்னியில் முடக்கம் விலகியது. 80 விழுக்காட்டுக்கு அடுத்த கட்டம். 'படிப்படியான தளர்வு' என்று போட்டுவிடலாமா?

கோபியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கூடாது. தளர்வு தன்வினை. முதியவர் தளர்வார், குழந்தை தளர்நடை போடும். அரசு ஆணையிட்டு விலக்குவது தளர்த்தல். 2021-இல் 'தளர்வுகளற்ற முழு ஊரடங்கு' என்று அறிவித்தபோதே எனக்குப் பல் கூசியது. 'நெகிழ்த்தல்' என்று வையுங்கள். பழைய வடிவம் ஞெகிழ். ஞெகிழி என்றால் சிலம்பு, கொள்ளிக்கட்டை என்றும் பொருள் உண்டு. சிலம்புக்கும் கொள்ளிக்கும் என்ன உறவு என்று நாற்பது ஆண்டாக யோசிக்கிறேன், அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

கோவையிலிருந்து, செவிலியர் கல்லூரி மாணவி:
ஐயா, நெகிழி என்றால் எங்களுக்குப் பிளாஸ்டிக்தான் நினைவுக்கு வரும். இன்னொன்றும் இருக்கிறது. 'தொடியொடு தோள்நெகிழ' என்கிறது 1236-ஆம் குறள். அங்கே நோய் ஏற ஏறத்தான் தோள் நெகிழ்கிறது. நமக்கோ ஆபத்து குறைந்தால்தான் கட்டு நெகிழ வேண்டும். நேர் எதிராக அல்லவா போகிறது?

கோபியிலிருந்து:
அது காதல் நோய் அம்மா, ஒட்டுவாரொட்டி இல்லை. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. நெகிழ்த்தலைத் திரும்பப் பெறுகிறேன். தளர்த்தலை விடமாட்டேன்.

திருப்பூரிலிருந்து, பனியன் கம்பெனிக்காரர்:
ஏனுங்க ஐயா, படிக்கிற பிள்ளைக்குப் புரிய வேண்டாமுங்களா? 2021 ஜூனில் மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். தொற்று அதிகம் என்று முதல் வகையில் 11 மாவட்டங்கள். அதில் கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் என்று நம் பக்கமே ஏழு. தினமும் டிவி முன்னால் உட்கார்ந்து 'நமக்குத் தளர்வு உண்டா, இல்லையா' என்றுதான் கேட்டோம். தன்வினையா பிறவினையா என்று ஒருவரும் கேட்கவில்லைங்க.

கோவையிலிருந்து, மாணவி:
அண்ணா சொன்னதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த வகைப்பாடு தொற்று நிலையைப் பார்த்துப் போட்டது. பாடத்தில் வருவது தடுப்பூசிக் கணக்கைப் பார்த்துத் திறப்பது. வெறும் 'தளர்வு' என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். தேர்வில் மாற்றித்தான் எழுதுவோம்.

பவானியிலிருந்து:
'மடைதிறப்பு'? அணையில் நீர் ஏறினால்தானே வாய்க்காலில் விடுகிறார்கள்.

ஈரோட்டிலிருந்து:
மடை திறந்த வெள்ளம் என்றே நாக்கு பழகிவிட்டது, ஐயா. படிப்படியாக என்ற பொருள் அதிலேயே அடித்துக்கொண்டு போய்விடும்.

சென்னிமலையிலிருந்து, நெசவாளர் வீட்டுப் பிள்ளை:
எங்கள் தறியிலேயே சொல் இருக்கிறது. நெய்த துணியை முன்னால் உருளையில் சுற்றச் சுற்றத்தான் பின்னாலிருந்து பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, விடுவோம். நெய்யாமல் விட்டால் பாவு தொங்கிப்போகும், விடாமல் இழுத்துப் பிடித்தால் இழை அறும். எவ்வளவு நெய்தோமோ அவ்வளவுதான் விடுவது. ஊசி ஏறிய அளவுக்குக் கட்டு இறங்குவதும் இதேதானே? 'பாவு விடுதல்' என்று வையுங்கள்.

(இதைப் படித்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினேன். வீட்டில் என்னவென்று கேட்டார்கள். - ஈரோடு)

கோபியிலிருந்து:
அழகு, தம்பி, அழகு. ஆனால் பாவுதல் என்றால் பரவுதல் என்றும் பொருள். பெருந்தொற்றுப் பாடத்தில் 'பாவு விடுதல்' என்று அச்சிட்டால், நோயைப் பரவ விடுங்கள் என்று அரசே சொன்னதாக ஆகிவிடும்.

திருப்பூரிலிருந்து:
தறியே பார்க்காத நாகப்பட்டினத்துப் பிள்ளை என்ன பண்ணும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்க.

சென்னிமலையிலிருந்து:
தளர்வு என்றாலும் அந்தப் பிள்ளைக்கு விளக்கம் சொல்லித்தானே ஆக வேண்டும்? தறியை ஒரு படம் போட்டால் போதும்.

ஈரோட்டிலிருந்து, ஞாயிறு இரவு:
இனி என்னால் முடியாது. 'படித்தளர்வு' என்று முடிக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'தடுப்பூசிவழிப் படித்தளர்வு', அப்புறம் சுருக்கமாக. ஆறு பேரில் நான்கு பேர் சரி என்றார்கள். அதில் இருவர் தூக்கக் கலக்கத்தில் சொன்னது போலத்தான் தெரிகிறது.

கோவையிலிருந்து, மாணவி:
நானும் சரி என்றேன். ஆனால் படித்துப் படித்துத் தளர்ந்துபோவதற்கும் இதுவே பொருத்தமான சொல். விடுதியில் இப்போதே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கோபியிலிருந்து:
'படித்தளர்த்தல்' என்ற என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒற்று மிகுந்ததில் மட்டும் பிழை இல்லை.

சென்னிமலையிலிருந்து:
அடுத்த வாரம் எங்கள் பள்ளியில் இதே பாடம் நடத்துகிறேன். புத்தகத்தில் எதுவோ இருக்கட்டும், பிள்ளைகளைத் தறிக்குக் கூட்டிப்போய்க் காட்டத்தான் போகிறேன்.