தலைவலிக்கு மனநல மாத்திரையா? என் மனைவி பாதியில் நிறுத்திவிட்டார்

கேள்வி (பாலக்கோடு)

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு 34 வயது. ஒன்பது ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலியால் துன்பப்படுகிறார். கடந்த ஓராண்டாக மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாள்கள் வலியோடுதான் கழிகின்றன. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். வலி வந்தால் சன்னலை அடைத்து, நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு, அது காய்ந்து வெடித்து உதிரும் வரை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். எங்கள் ஏழு வயது மகள், யாரும் சொல்லாமலேயே, அந்த நாள்களில் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கிறாள்.

என்னை அதிகம் வருத்துவது வலி இல்லாத நாள்கள்தான். முன்பு வலி விட்டதும் இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் முடித்துவிடுவார். இப்போதோ நல்ல நாளிலும் துணி வாங்கி வைப்பதில்லை. முகூர்த்தத்துக்குள் தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, இடையில் தலைவலி வந்தால் என்ன செய்வது என்ற பயம். உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் வருவதில்லை.

தருமபுரியில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டியபோது, இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்து, மனநல மருத்துவரையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார். மருந்துக் கடையில் "இது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை" என்றார்கள். "என் வலியைப் பொய் என்று நினைத்துவிட்டார்" என்று அழுது, ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டார். சென்ற வாரம், "இந்தத் தலையோடு இன்னும் எத்தனை வருடம்? போய்ச் சேர்ந்தால் நிம்மதி" என்று சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மருத்துவர் உண்மையில் அப்படித்தான் நினைத்தாரா? இவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

மறுமொழி 1 (காவேரிப்பட்டணம்)

அண்ணா, எனக்கும் பதினைந்து ஆண்டுகளாக இதே நோய்தான். உங்கள் மனைவியின் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் அந்த மருத்துவர் வலியை நம்பியதால்தான் அந்த மாத்திரையை எழுதியிருக்கிறார். அமிட்ரிப்டிலின் முதலில் மனச்சோர்வுக்கு வந்த மருந்து என்பது உண்மை. மூளையில் வலியைக் கடத்தும் பாதைகளையும் அது அடக்குவதால், ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதற்கு 10 அல்லது 25 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் தொடங்குவார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஐந்து நாளில் ஒன்றும் தெரியாது. முதலில் வாய் உலரும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். அதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த நோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஃப்ளூனரிசின் என்ற மாத்திரை, சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. காரணமே தெரியாமல் மூன்று மாதம் அழுதுகொண்டிருந்தேன். மருத்துவரிடம் சொன்ன பிறகே மருந்தை மாற்றினார். முன்பு என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்று பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள்.

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளையும் எண்ணுங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ, பல மருந்துகள் சேர்ந்த கலவை மாத்திரையை 10 நாளோ, அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை நிலைநிறுத்திவிடும். ஒரு நோட்டில் தேதி, வலி வந்த நேரம், எடுத்த மாத்திரை, அன்றைய மனநிலை ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். எனக்கு மருத்துவர் சொன்ன எதையும்விட அந்த நோட்டுதான் அதிகம் உதவியது.

மறுமொழி 2 (தருமபுரி, ஓய்வுபெற்ற செவிலியர்)

தம்பி, மாத்திரை பற்றி மேலே காவேரிப்பட்டணத்துப் பெண் சொன்னதே போதும். நான் சொல்ல வேண்டியது, உங்கள் மனைவி சென்ற வாரம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி.

அதை வலியில் வந்த புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். வலி இல்லாத ஒரு நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பெரும் ஆறுதலாக இருப்பதை வார்டில் நான் பல முறை கண்டிருக்கிறேன். மீதமிருக்கும் மாத்திரைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். அமிட்ரிப்டிலினை அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். "ஆம்" என்றாலோ, எப்படி என்று யோசித்து வைத்திருப்பதாகத் தெரிந்தாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இரவு நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்; 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் கட்டணமில்லாச் சேவை அது. நீங்களும் பேசலாம்.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. அடிக்கடி வரும் வலி மனத்தைத் தளர்த்துகிறது. மனம் தளர்ந்தவருக்குத் தலைவலி இன்னும் அடிக்கடி வருகிறது. ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் செய்ய வேண்டும். அவர் துணி வாங்க மறுப்பதைச் சோம்பல் என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3 (ஓசூர்)

எனக்கு இருப்பது கிளஸ்டர் தலைவலி. அது வருகிற மாதங்களில் தினமும் நள்ளிரவு இரண்டு மணிக்கு, ஒரு கண்ணுக்குப் பின்னால் கம்பியைக் காய்ச்சிக் குத்துவது போல வரும். படுத்திருக்க முடியாது, அறைக்குள் நடந்துகொண்டே இருப்பேன். ஆக்சிஜன் முகமூடி வைத்தால் கால் மணி நேரத்தில் அடங்குகிறது. என்னை மனநல மருத்துவரிடம் அனுப்பியபோது நானும் இரண்டு ஆண்டுகள் போகாமல் இருந்தேன். போன பிறகு, வலி வருவதற்கு முன்பே மாலையிலிருந்து தொடங்கும் நடுக்கம் குறைந்தது. வலியின் எண்ணிக்கை குறையவில்லை. அதை எதிர்பார்த்துச் சாகும் மணிநேரங்கள் குறைந்தன. இதை உங்கள் மனைவிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அக்கா சொன்னபடியே நேராகக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தோன்றியிருக்கிறது, ஆனால் செய்ய மாட்டேன், பாப்பா இருக்கிறாள்" என்றார். 14416-இல் இருவரும் பேசினோம். பழைய சீட்டுகளில் ஃப்ளூனரிசின் இருந்தது. காலையில் நரம்பியல் மருத்துவருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னதும், காத்திருக்க வேண்டாம், நாளையே வாருங்கள் என்றார். அங்கிருந்தே மனநலப் பிரிவுக்கும் போகிறோம். மாத்திரைகள் என் பெட்டியில் இருக்கின்றன. நோட்டுக்கு மகள் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாள்.